கடுகுக்கீரைப் பாத்தியில் முளைத்த கடுகு

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் குத்தகை நிலத்தில் கடுகுக்கீரை பயிரிடுகிறேன். ஜூன் மாதத்தில் பாத்தியிலும் சாலையோரத்திலும் மஞ்சள் பூவுடன் கடுகைப் போன்ற ஒரு செடி தானாக வளர்ந்திருக்கிறது. அடித்தண்டைத் தொட்டால் சொரசொரவென்று கையில் குத்துகிறது. சென்ற ஆண்டு சிந்திய என் விதைதான் முளைத்ததா? அதிலிருந்து விதை எடுக்கலாமா?

பதில்: அந்தச் சொரசொரப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கடுகுக்கீரையின் தண்டு பெரும்பாலும் வழவழப்பாகவும் சாம்பல் பூத்தாற்போலவும் இருக்கும். நீங்கள் கண்டது, ஐரோப்பாவிலிருந்தும் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்தும் வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த சினாபிஸ் ஆர்வென்சிஸ் என்னும் காட்டுக் கடுகாகவே இருக்க வேண்டும்.

பூவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான்கு மஞ்சள் இதழ்களும் ஆறு மகரந்தத் தாள்களும் கடுகுக் குடும்பத்தின் பல செடிகளுக்குப் பொதுவானவை. மேல் இலைகளைப் பாருங்கள்: காட்டுக் கடுகில் அவை காம்பில்லாமல் தண்டை ஒட்டியிருக்கும், ஆனால் தண்டைத் தழுவாது. தழுவியிருந்தால் அது மே மாதத்திலேயே பூக்கும் மஞ்சள் ராக்கெட் என்னும் களையாகவோ வேறு கடுகினமாகவோ இருக்கலாம். காய் முற்றியதும் ஐயம் முழுவதும் தீரும். காட்டுக் கடுகுக் காயின் ஓட்டில் மூன்று நரம்புகளாவது புடைத்துத் தெரியும். கடுகுக்கீரைக் காயில் நடுநரம்பு ஒன்றுதான் எடுப்பாக இருக்கும். காயின் நுனியிலுள்ள தட்டையான அலகை நகத்தால் கீறிப் பாருங்கள்; காட்டுக் கடுகானால் அதற்குள்ளும் பெரும்பாலும் ஒரு விதை ஒளிந்திருக்கும். கடுகுக்கீரையின் மெல்லிய அலகில் விதை இராது.

ஆனால் அந்தச் சோதனைக்காக ஒன்றிரண்டு செடிகளை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூவிலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள். விதை எடுக்கும் எண்ணமே வேண்டாம். ஒரு முறை சிந்திய விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், ஆழ உழுதால் அதைப் பத்திரமாகப் புதைத்து வைத்ததாகிவிடும். கோசு, முள்ளங்கி முதலியவற்றின் வேரைக் கட்டிகட்டியாக வீங்கச் செய்யும் நோய்க்கும் இச்செடி இடம் கொடுக்கிறது. கடுகுக்கீரையும் காட்டுக் கடுகும் ஒரே குடும்பம் என்பதால், கீரையை விட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்தை நம்பி இறங்காதீர்கள். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1990ஆம் ஆண்டிலேயே களைக்கொல்லிக்கு மடங்காத காட்டுக் கடுகு கண்டறியப்பட்டது. அந்தப் பாத்தியில் அடுத்த ஆண்டு இக்குடும்பத்தைச் சேராத சோளம் போடுவது நல்லது. காய் பிடித்த செடிகளை உரக்குழியில் போடாதீர்கள், ஆடுமாடுகளுக்கும் கொடுக்காதீர்கள். விதை அவற்றின் குடலைப் புண்ணாக்கும்.