என் கடைப் பெயரை இன்னொருவர் வைத்தால்? வழக்கறிஞரிடம் கேள்வி பதில்

எதிர்க்கடைக்காரர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்து விற்கிறார். கேஸ் போடலாமா?

முடியாது. அது போட்டி. சந்தையையே கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் அடக்கவிலைக்கும் கீழே விற்று மற்றவர்களை ஒழித்துக்கட்டினால்தான் 2002 போட்டிச் சட்டம் எட்டிப் பார்க்கும்.

என் சேல்ஸ்மேன் விலகி, அதே தெருவில் கடை போட்டுவிட்டார். இரண்டு வருடம் கூடாதென்று எழுதி வாங்கியிருந்தேன்.

அந்தக் காகிதம் செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையோ தயாரிப்பு ரகசியத்தையோ எடுத்துப் போயிருந்தால் அது வேறு கதை, தடை கேட்கலாம்.

22 வருடமாக மிக்சர் கடை. பெயரைப் பதிவு செய்யவில்லை. போன வருடம் ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டு எனக்கே நோட்டீஸ் அனுப்புகிறார்.

பயப்படாதீர்கள். இதில் முதலில் பார்ப்பது யார் பதிவு செய்தார் என்பதை அல்ல, யார் முதலில் பயன்படுத்தினார் என்பதை. 1999 வணிகச் சின்ன (ட்ரேட்மார்க்) சட்டத்தின் பிரிவு 34 அதற்காகவே இருக்கிறது. பிரிவு 27(2) இன்னும் முக்கியம்: தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைப்பவர் மேல் வழக்குப் போட பதிவே தேவையில்லை. நாங்கள் ‘பாசிங் ஆஃப்’ என்போம். (ஒப்பந்தச் சட்டத்திலும் 27, இதிலும் 27. ஜூனியர்கள் குழம்புவார்கள்.)

நம்ம ஊர் உதாரணம் திருநெல்வேலியில் இருக்கும் ‘இருட்டுக்கடை அல்வா’. முன்னால் ‘திருநெல்வேலி’ என்று ஒட்டவைத்து இன்னொருவர் விற்றார். அவரும் பதிவு வைத்திருந்தார். 2015-ல் உச்ச நீதிமன்றம் முதலில் பயன்படுத்தியவர் பக்கம் நின்றது. இருவரும் பதிவு பெற்றிருந்தாலும் பாசிங் ஆஃப் வழக்கு நிற்கும் என்றது.

ஆனால் 22 வருடம் என்று வாயால் சொன்னால் போதாது. பழைய பில் புத்தகம், பை அச்சடித்த ரசீது, திறப்பு விழா நோட்டீஸ் எல்லாம் வேண்டும். ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பில்லை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் காசு கட்டிப் பதிவு செய்தவன் ஏமாளியா?

கோபம் புரிகிறது. பதிவு இருந்தால் உங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்; பெயருக்கு மதிப்பு இருக்கிறது என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். பதிவில்லாதவர் நல்லபெயர், ஏமாற்று, நஷ்டம் என மூன்றையும் காட்டியாக வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

முந்தின கேள்வி கேட்ட அதே ஆள்தான். பதிவுச் சான்றிதழ் இருந்தும் தோற்றால் அந்தச் சான்றிதழ் எதற்கு?

நிலத்துக்குப் பட்டா வாங்கியவர் எல்லாரும் உரிமையாளர் ஆகிவிடுகிறார்களா ஐயா? அடுத்தவர் வளர்த்த பெயரைப் பதிவு செய்தவருக்குத்தான் சிக்கல். நீங்களாக யோசித்து வைத்த பெயர் என்றால் பதிவு இரும்புக் கவசம். இதோடு இதை விடுவோம்.

என் எண்ணெய் பாக்கெட்டைக் காட்டி ‘கலப்படம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள்.

தடை கேளுங்கள். ராபின் ப்ளூவும் உஜாலாவும் மோதிய வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1999-ல் கோடு போட்டது: ‘என் பொருள்தான் உலகிலேயே சிறந்தது’ என்று பொய்யாகக்கூடப் பீற்றிக்கொள்ளலாம், அடுத்தவர் பொருள் மட்டம் என்று சொல்லக் கூடாது.

ஜிஎஸ்டியில் பெயர் பதிவாகியிருக்கிறது. போதுமா?

போதாது.

கம்பெனியாகப் பதிவு செய்திருக்கிறேன்…

அதுவும் போதாது. மூன்றாவது பதிலை இன்னொரு முறை படியுங்கள். பில்கள் பத்திரம்.

வழக்கில் என்னதான் கிடைக்கும்?

தடை. அப்புறம் நஷ்ட ஈடு அல்லது அவர் அடித்த லாபம், இரண்டில் ஒன்று. போலி லேபிள்களை ஒப்படைக்கவோ அழிக்கவோ உத்தரவு. இடைக்காலத் தடை அவசரம் என்றால் நேரே போகலாம். அவசரமில்லை என்றால் வணிக நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசப் பேச்சு. அதைத் தாண்டிக் குதித்தால் மனுவையே நிராகரித்துவிடுவார்கள். ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ‘அவசரம்’ என்று எழுதினால் நீதிபதி முதலில் கேட்பது தேதியைத்தான்.