கடைக் கணினியில் திறந்திருக்கும் போர்ட்கள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டுமா?

80, 443, 445, 3389 ஆகிய நான்கு போர்ட்களும் (கணினிக்குள் இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருப்பதாகச் சோதனைச் செயலி காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவை இருக்கட்டும், 3389-ஐ இன்றே மூடுங்கள். காரணம் என் சொந்த அனுபவம்.

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில் கணினிப் பராமரிப்பு பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூரா மாங்காய் லாரிகள் எடைமேடைக்கு வெளியே வரிசையாக நின்ற சீசனில், ஓர் ஆலை முதலாளி, "தம்பி, ராத்திரி வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க ஏதாவது வழி செய்யுங்கள்" என்றார். வெளியிலிருந்து 3389-க்கு வரும் இணைப்பை ரவுட்டரில் அலுவலகக் கணினிக்குத் திருப்பிவிட்டேன். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் காத்திருக்கும் எண் அது. பத்து நிமிட வேலை. கடவுச்சொல், ஆலையின் பெயரோடு 123.

மூன்றாவது வாரம் கணக்காளர் பதறிப்போய் அழைத்தார். ஒரு கோப்பும் திறக்கவில்லை. திரையில் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். விண்டோஸின் பதிவுகளைப் புரட்டினால், முந்தைய இரவில் மட்டும் ஆயிரக்கணக்கான தவறான கடவுச்சொல் முயற்சிகள். அந்த ஆலையின்மேல் யாருக்கும் பகையில்லை. இணைய முகவரிகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சனிக்கிழமைதோறும் பென்டிரைவில் நகலெடுத்து டிராயரில் பூட்டுகிற வழக்கம் அந்தக் கணக்காளருக்கு இருந்ததால் தப்பித்தோம். நான்கு நாள் எடைச் சீட்டுகளை மட்டும் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். அந்த மாதம் நான் பில் கொடுக்கவில்லை.

மண்டிக்கு வரும் லாரிக்கு மண்டியின் முகவரி மட்டும் போதாது, கடை எண்ணும் வேண்டும். போர்ட் என்பது அந்தக் கடை எண். 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. ஆளில்லாத கடையைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உள்ளே உட்கார்ந்திருப்பது எந்த மென்பொருள் என்று பாருங்கள்.

445 கடைக்குள் கோப்பும் பிரிண்டரும் பகிர்வதற்கானது. வெளியே தெரியவே கூடாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது இந்த வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். 80-உம் 443-உம் இணையதளங்களுக்கு உரியவை. ஆனால் இணையம் பார்ப்பதற்கு உங்கள் கணினியில் அவை திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பில்லிங் மென்பொருள் ஏதாவது திறந்திருக்கும், விசாரியுங்கள். கடையில் கேமரா இருந்தால் 23-ஐயும் பாருங்கள். அது டெல்நெட், தொலைவிலிருந்து கருவிக்குக் கட்டளையிடும் பழைய முறை, கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்பும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களை அதன் வழியாகத்தான் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது.

3389-க்குப் பதில் வேறு எண் வைத்தால் போதும் என்பார்கள். நம்பாதீர்கள், அதையும் தேடிக் கண்டுபிடிப்பார்கள். வீட்டிலிருந்து கணக்குப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வி.பி.என். (இணையத்தின் ஊடே பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் வாருங்கள். அந்த ஆலையில் இப்போது அப்படித்தான்.

ஒன்று கேட்க வேண்டும்: கடையின் வைஃபையிலிருந்தா சோதித்தீர்கள்? அப்படியானால் நீங்கள் பார்த்தது உள்பக்கத்தை மட்டும். கைபேசி டேட்டாவில் வந்து, ரவுட்டரின் வெளி முகவரியைக் கொடுத்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் 3389 திறந்திருந்தால் ரவுட்டரில் யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் போல, நல்லெண்ணத்தோடு வந்த ஒரு கணினிக்காரர்தான்.