சிப்பாய் பொம்மைக்குச் சாயம்: கேளுங்கள், சொல்கிறேன்

சித்தூரில் பல் செட் செய்யும் லேபில் வேலை. பகலில் மெழுகுப் பல், ராத்திரியில் சிப்பாய். இருபது வருஷப் பழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து: சார், பொம்மைப் பெட்டியில் 1/35 அளவு என்று போட்டிருந்தால் ஆள் எவ்வளவு உயரம்? 54 மி.மீ. என்பது என்ன கணக்கு?

175 செ.மீ. ஆளை 35-ஆல் வகுங்கள், 5 செ.மீ. வரும். 1/72-இல் இரண்டரை செ.மீ.கூட இருக்கமாட்டான். 54 மி.மீ. என்பது பொம்மையின் உயரம், ஏறக்குறைய 1/32. சிலர் உச்சந்தலை வரைக்கும் அளக்கிறார்கள், சிலர் கண் வரைக்கும். அதனால் இரண்டு கம்பெனியின் 54-ஐப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

புத்தூரிலிருந்து: அண்ணா, கடையில் கிடைக்கும் ஃபெவிக்ரில் அக்ரிலிக் சாயம் போதுமா?

கை பழக, அடித்தளத்துக்கு மண் பூச, போதும். முகத்துக்கு வேண்டாம், நிறத்தூள் கொஞ்சம் பருமன். பொம்மைக்கென்றே வரும் வல்லேஹோ சாய பாட்டில் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் தண்ணீர் விட்டு நீர்மோர் பதத்துக்கு இளக்கி, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. நம் ஊர் மே மாத வெயிலில் தட்டில் வைத்த சாயம் பிரஷ் திரும்பி வருவதற்குள் தோல் கட்டிவிடும். டிபன் டப்பா மூடியில் ஈர டிஷ்யூ, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் சாயம். ராத்திரி மூடி வைத்தால் காலையிலும் ஈரமாக இருக்கும்.

திருத்தணியிலிருந்து: சிவப்புக் கோட்டில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தேன். ரோஸ் கலர் ஆகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். சிவப்போடு வெள்ளை சேர்ந்தால் கல்யாண மண்டபத் திரைதான். வெளிச்சத்துக்கு ஆரஞ்சு சேருங்கள், கடைசிக் கோட்டுக்கு மட்டும் துளி தோல் நிறம். நிழலுக்குக் கறுப்பும் வேண்டாம், சிவப்பு செத்துவிடும். கரும்பச்சை ஒரு ஊசிமுனை அளவு கலந்து பாருங்கள், பழுத்த அரக்கு நிறம் வரும். முழங்கை மடிப்பில் பள்ளத்துக்குள் அதை விட்டு, மேட்டின் விளிம்பில் மட்டும் ஆரஞ்சை இழுங்கள். பிரஷ்ஷின் நுனி அல்ல, பக்கவாட்டு. இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் வாய் பிரஷ்ஷைத் தேடும். கேட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த சிவப்புகள் இருக்கின்றன. டிஷ்யூவில் உருட்டுங்கள்.

அதே திருத்தணி: நம்ம ஆள் தோல் நிறத்துக்கு எந்த பாட்டில்?

‘ஃபிளெஷ்’ என்று எழுதியிருப்பதெல்லாம் வெள்ளைக்காரத் தோல். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (காவி மஞ்சள்), துளி அல்ட்ராமரீன் நீலம். வெளிச்சத்துக்கு வெள்ளை போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஓக்கரையே கூட்டுங்கள். உள்ளங்கை ஒரு படி வெளுப்பு, அதை மறந்தால் கையுறை போட்ட மாதிரி தெரியும்.

காட்பாடியிலிருந்து: அண்ணா, வேலூர்ப் புரட்சிச் சிப்பாய் செய்கிறேன், 1806 ஜூலை 10. தலையில் புதுத் தலைப்பாகை, நெற்றியில் நாமம். சரிதானே?

சரியில்லை தம்பி. மதராஸ் படைத் தளபதி ஜான் கிராடக்கின் உத்தரவு என்ன? அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி எடு, மீசையை ஒரே அளவாக வெட்டு, தோல் பட்டை வைத்த இந்தப் புதுத் தலைப்பாகையைப் போடு. தொப்பி போட வைத்துக் கடைசியில் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் ஆட்கள் கொதித்தார்கள். தலைப்பாகையும் நாமமும் ஒரே தலையில் இருந்தால் சண்டை எதற்கு?

ராணிப்பேட்டையிலிருந்து: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கலகம் விடியுமுன்னே ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அணிவகுப்பு ஏது? நாமம் போட்டால் யார் கேட்பது?

நல்ல கேள்வி. அந்த ராத்திரியில் எவனும் ஆர்டர் பார்த்து உடுத்தியிருக்கமாட்டான். நாமம் இருக்கட்டும், திருநீறும் இருக்கட்டும். அப்போது அந்தத் தலைப்பாகையை மட்டும் ஏன் போட்டுக்கொண்டு வரப்போகிறான்? மே மாதத்தில் அதை மறுத்ததற்காக இரண்டு பேருக்கு, ஒரு இந்து, ஒரு முஸ்லிம், கசையடி கொடுத்து வெளியே அனுப்பியிருந்தார்கள்.

காட்பாடி: தலைப்பாகை இல்லையென்றால் 1806 என்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் அண்ணா? வெறும் சிவப்புக் கோட்டுக்காரன் ஆகிவிடுவான்.

இது நியாயம். யோசிக்கிறேன்.

நகரியிலிருந்து: ஃபெவிக்ரில் போதுமா?

மேலே பாருங்கள்.

பலமநேரிலிருந்து: பழைய ஈய பொம்மை கிடைத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். ரெசின் (பிளாஸ்டிக் மாதிரி வார்த்த) பொம்மைக்கும் இதேதான். பிரஷ் விஷயம் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தணி: வாயில் வைத்தால் என்னதான் ஆகிவிடும்? என் குருவே அப்படித்தான் செய்வார்.

உங்கள் குருவின் நாக்கு, அவர் பாடு. நான் ஒருநாள் டீ என்று நினைத்து பிரஷ் கழுவிய தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தவன். அன்றிலிருந்து மேஜைக்கு டீ வருவதில்லை.

குப்பத்திலிருந்து: ஃபெவிக்ரில்...

இல்லை. ஆமாம். மேலே.

காட்பாடித் தம்பிக்கு: தலைப்பாகையைத் தலையில் வைக்காதீர்கள், காலடியில் போடுங்கள். கழற்றி எறிந்தது மாதிரி சாய்வாக, தோல் பட்டை மேலே தெரிய. ஆள் தலையில் வெறும் துணிக்கட்டு, நெற்றியில் நாமம். தலைப்பாகையை எம்-சீலில் (ஓட்டை அடைக்கும் பசைக் களிமண்) உருட்டுங்கள், மெழுகு செதுக்கும் கருவி இருந்தால் மடிப்பு சுலபம்.

ராணிப்பேட்டை: தோல் பட்டைக்கு அசல் தோலே தரட்டுமா? எங்கள் ஊரில் தோல் சீவல் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

வேண்டாம் ஐயா. அசல் தோலின் சொரசொரப்பு இந்த அளவில் யானைத்தோல் மாதிரி தெரியும். மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளைச் சீவி, கரும்பழுப்பு பூசி, விளிம்பில் மட்டும் ஓக்கர். சீவலை அனுப்புங்கள், வேறு எதற்காவது ஆகும்.