வாசகர் கேள்வி: அம்பாசடருக்கு அடியில் ஆயில் சொட்டு

கே: எங்களிடம் 1982 மாடல் பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. விடிந்து பார்த்தால் இன்ஜினுக்கு அடியில் நாலைந்து சொட்டு ஆயில். எங்கிருந்து ஒழுகுகிறது?
– வாசகர், மண்டபம்

ப: சொட்டு விழுந்த இடத்தை நம்பாதீர்கள். மேலே கசியும் ஆயில் வழிந்து இறங்கும். ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். இன்ஜின் ஆறியதும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகப்பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். பாம்பன் வரை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது உச்சியில் இருக்கிறதோ, அதுதான் ஊற்று.

முதல் சந்தேகம் ராக்கர் கவர், அதாவது இன்ஜின் உச்சியில் இருக்கும் தகர மூடி. அதன் விளிம்பில் கசிவை அடைக்கும் கார்க் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கும். கசிகிறதே என்று நட்டை இன்னும் முறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. தகரத்தின் விளிம்பு வளைந்து கசிவு கூடும். கவரைக் கழற்றி, கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்து, விளிம்பு ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் தட்டி நேராக்கிவிட்டுப் புது கேஸ்கெட் போடுங்கள்.

அடுத்து, மேனிஃபோல்டுக்குக் (காற்று, புகைக் குழாய்கள் இன்ஜினோடு சேரும் பகுதி) கீழே இருக்கும் இரண்டு டேப்பட் கவர்கள், அதாவது பக்க மூடிகள். இவை கண்ணுக்குத் தப்பிவிடும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளழுத்தம் ஏறி, எல்லா மூட்டிலும் கசியும். கேஸ்கெட் வாங்குமுன் அதைச் சுத்தம் செய்யுங்கள், செலவே இல்லை.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) தகடு, ஒட்டிய சேற்றுக்கு உள்ளேயே துருப்பிடிக்கும். சுரண்டும்போது மெதுவாக, ஊசித்துளை இருக்கலாம். ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கின் வாஷரையும் மாற்றிவிடுங்கள்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் ஈரம் என்றால் பதற வேண்டாம். இந்த இன்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. சுழலும் தண்டில் வெட்டிய சுருள் மரைதான் ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. நிறுத்தியபின் ஓரிரு சொட்டு இயல்பு. கிளட்ச் வழுக்கினால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குங்கள்.