கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது

அன்புள்ள அண்ணன்,

எங்களுடையது ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். வேலைக்காகப் பெங்களூரு வந்து 20 வருடமாகிறது. மகன் பதினொன்றாம் வகுப்பு. ஆறு மாதமாகக் கோவிலுக்கு வர மறுக்கிறான். தன் விசுவாசத்தைச் சபை முன்னால் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்கான வகுப்பும் வேண்டாமாம். "எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறான். செல்போன் ஒரு காரணம், ஆராதனையில் கிட்டாரும் டிரம்ஸும் புகுந்தது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். தினமும் இரவு 9 மணி குடும்ப ஜெபத்தில், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவனுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

செல்போனை விடுங்கள். கிட்டாரையும் விடுங்கள், நம் கோவில்களில் ஆர்மோனியமும் ஒரு காலத்தில் புதுசுதான்.

ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820ல். அங்கேயே 1838ல் இறந்துபோனார். அந்த 18 வருடத்தில் உங்கள் வீட்டில் முதன்முதலாகத் தண்ணீரில் தலை நனைத்தவர் யார்? அப்பன் கும்பிட்ட சாமியைக் கும்பிட மாட்டேன் என்ற ஒரு பிள்ளையாகத்தானே இருக்கும்? அந்த வீட்டிலும் ஒரு தகப்பன் திண்ணையில் உட்கார்ந்து அழுதிருப்பார். பரம்பரைப் பெருமை பேசும்போது அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் நின்றுபோனது "பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு" என்ற இடத்தில். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது.

என் அப்பாவும் அப்படித்தான் ஜெபிப்பார். கணக்கில் நான் 38 வாங்கிய அன்று ராத்திரி அந்த 38ஐ ஆண்டவருக்குத் தெரியப்படுத்தினார். "இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்" என்று அவர் உருகும்போது நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பாயின் கோரைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். நேரே திட்டினால் எதிர்த்துப் பேசலாம், அழலாம், வெளியே ஓடிப்போகலாம். ஜெபத்துக்குள் வைத்துத் திட்டினால் பிள்ளை எங்கே போவான்? கடைசியில் அவனே "ஆமென்" வேறு சொல்ல வேண்டும். அதை ஜெபம் என்று சொல்லாதீர்கள் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது, அவ்வளவுதான். கண்ணீர் வந்தாலும் அதுதான். ஆண்டவரைச் சாட்சிக்கு அழைத்துப் பிள்ளையைக் கூண்டில் நிறுத்துகிறோம். ஒருநாள் அவன் கூண்டைவிட்டு இறங்கிப்போனால் சாட்சிக்கு வந்தவரையும் சேர்த்தேதான் விட்டுப்போவான்.

பைபிளில், இளம் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். லோவிசாள் என்ன செய்தாள் என்று அந்த இடத்தில் இல்லை. எனக்கு என் ஆச்சியைத் தெரியும் என்பதால் ஊகிக்க முடிகிறது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. ஆச்சிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்புமேடை ஓரத்திலிருந்த வாய் உடைந்த மண்கலயத்தில் போடுவாள். போடும்போது உதடு அசையும். ஞாயிறன்று அது காணிக்கையாகக் கோவிலுக்குப் போகும். (மிசோரம் பெண்கள் 1910ல் தொடங்கிய இதே கைப்பிடி அரிசிப் பழக்கம் அங்கே இன்று வரை நடக்கிறது.) வீட்டில் அரிசி குறைந்த மாதங்களில் ஆச்சியின் கை சின்னதாகும், கலயம் மட்டும் வெறுமையாக இருந்ததில்லை. "நீயும் போடு" என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானாகத்தான் போட ஆரம்பித்தேன், அரிசிக்குள் கையை விட்டால் குளுகுளுவென்றிருக்கும் என்பதற்காக.

பாளையங்கோட்டையில் கல்லூரி சேர்ந்த வருடம் நானும் உங்கள் மகன் சொன்னதையே சொன்னேன். அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லீவுக்கு வந்திருந்தபோது ஒரு விடியற்காலை விழிப்புத் தட்டியது. அடுக்களையில் ஆச்சியின் குரல். யாரும் கேட்பதாக அவளுக்கு நினைப்பில்லை. தன் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த பெரியப்பாவின் கால்புண் ஆற வேண்டும் என்றாள். அப்புறம் என் பெயர் வந்தது. மறுபடி கோவிலுக்குப் போக வைக்கச் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு படுத்திருந்தேன். "ஆஸ்டல் சோறு அவன் வயித்துக்கு ஒத்துக்கிடணும் ஆண்டவரே" என்றாள். அடுத்த பேரனுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகும் நான் கோவில் பக்கம் போக ஒன்பது வருடமாயிற்று. ஆச்சி அதைப் பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா? நம்பிக்கை இல்லை என்கிற பையன் இன்னும் ராத்திரி 9 மணிக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறானே, அதைக் கவனித்தீர்களா? இன்றைக்கு அவன் பெயரைச் சொல்லாமல், உங்கள் ஆபீஸ் கவலையை, உங்கள் பயத்தைச் சொல்லி ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் அவனுக்குக் காலைச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய் வாருங்கள்.