வீகன் உணவகம் மூடிவிட்டதா? வாசகர் கேள்வி – பதில்

பால், முட்டை, தேன் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவுதான் வீகன். வழக்கமாகச் சாப்பிட்ட வீகன் கஃபே மூடிக் கிடக்கிறது, இனி என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் நகரத்தில் வீகன் உணவு கிடைக்கும் இடங்களை நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். அதில் பல இடங்கள் மூடிவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். ஆனால் கைப்பேசி வரைபடத்தில் பார்த்தால் 'திறந்திருக்கிறது' என்று வருகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் அலையாமல் உறுதிப்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், 'திறந்திருக்கிறது' என்ற சொல்லை நம்பாதீர்கள். யாரும் நேரில் போய்ப் பார்த்து அதைப் போடுவதில்லை. கடைக்காரர் எப்போதோ பதிந்த வேலை நேரத்தை வைத்து வரைபடம் தானாகக் காட்டுகிறது. கடை போன பிறகும் அந்த நேரம் அப்படியே கிடக்கும்.

வாடிக்கையாளர் கருத்துகளைப் புதியது மேலே வருமாறு வரிசைப்படுத்திப் பாருங்கள். வாரத்துக்கு நாலு கருத்து வந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டு மாதமாக ஒன்றும் இல்லை என்றால் சந்தேகப்படலாம். மாதத்துக்கு ஒன்று வரும் சின்னக் கடையில் அதே இடைவெளிக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆகவே எத்தனை நாள் மௌனம் என்பதை மட்டும் பார்க்காமல், அந்தக் கடைக்கு வழக்கமாக எவ்வளவு வரும் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து தொலைபேசி. மதியக் கூட்ட நேரத்தில் அழைத்தால் எடுக்க ஆள் இருக்காது. கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் அல்லது மதியக் கூட்டம் கலைந்த பிறகு அழையுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகள் நிறைய இருப்பதால், இரண்டு வெவ்வேறு நாளில் முயலுங்கள். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற அறிவிப்பு வலுவான சான்று. மணி அடித்தும் எடுக்காமல் போவது சான்றே ஆகாது.

வீட்டுக்கு உணவு கொண்டுவரும் செயலிகளில் சாப்பாட்டு வேளையில் தேடிப் பாருங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தை மூடிவிட்டு, சமையலறையை மட்டும் வேறிடத்தில் வைத்து, பழைய பெயரிலேயே பொட்டலம் அனுப்புகிறவர்கள் உண்டு. செயலியில் பெயர் உயிரோடு இருக்கிறது என்பதற்காக மேசை இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கலில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய கடையை வாங்கியவர், அதே வரைபடப் பதிவில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். பழைய வீகன் கஃபேக்கு விழுந்த நட்சத்திரங்களும் பாராட்டுகளும் புதிய கடையின் பெயரில் நிற்கும். கருத்துகளில் சொல்லப்படும் உணவு எதுவும் இப்போதைய மெனுவில் இல்லை என்றால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது வேறொரு சமையலறையைப் பற்றி.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றாவது கிடைத்தால் 'மூடியது' என்று எழுதுங்கள். ஒன்றுதான் இருந்தால் 'சரிபார்க்க வேண்டும்' என்று குறித்து, அந்தப் பக்கம் போகிறவர் யாரிடமாவது கதவைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: மூடிய இடங்களைப் பட்டியலிலிருந்து அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அழித்தால் ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு பழைய பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு அதே கடையைத் திரும்பச் சேர்த்துவிடுவார். 'மூடியது' என்ற குறியோடு வரி அங்கேயே இருந்தால் அது நடக்காது.

ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதிகள் இருக்கட்டும்: கடைசியாகத் திறந்திருந்ததை உறுதி செய்த நாள், மூடியிருந்ததை முதலில் கண்ட நாள். உண்மையில் மூடிய நாள் இவை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அதை ஊகித்து எழுதுவதை விட இந்த இரண்டையும் எழுதுவது நேர்மையானது, பிறகு திருத்தவும் எளிது. பக்கத்தில் யார் பார்த்தார், எப்படி என்று இரண்டு சொல்: 'நேரில், கதவில் அறிவிப்பு' என்பது போல.

நிலையைக் குறிக்க 'மூடியது' என்ற ஒரே சொல் போதாது. இடம் மாறியது, பெயர் மாறியது, தற்காலிகமாக மூடியது, திறந்திருக்கிறது ஆனால் மெனு மாறிவிட்டது என்று தனித்தனியாகப் பிரியுங்கள். கடைசி வகை மிக முக்கியம். உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரம் பெற்ற நியூயார்க் உணவகம் இலெவன் மேடிசன் பார்க், 2021இல் தாவர உணவு மெனுவுக்கு மாறியது. 2025 அக்டோபரில் இறைச்சியை மீண்டும் சேர்த்தது. தாவர உணவும் அங்கே தொடர்கிறது. இது மூடிய கடை அல்ல, முழு வீகன் கடையும் அல்ல. தனி வகை இல்லையென்றால் இப்படிப்பட்ட இடத்தைப் பட்டியல் தவறாகத்தான் சொல்லும்.

உங்கள் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள், பொதுத் தளங்களிலும் திருத்துங்கள். வீகன் உணவு கிடைக்கும் இடங்களைப் பட்டியலிட்டு 1999 முதல் நடந்துவரும் ஹேப்பிகவ் தளத்தில் கடை மூடியதைத் தெரிவிக்க வசதி உண்டு. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வீகன் உணவுக்கென்றே ஒரு குறிச்சொல் இருக்கிறது. முழுக்க வீகன் என்றால் 'ஒன்லி', வீகன் உணவும் உண்டு என்றால் 'எஸ்', மிகக் குறைவு என்றால் 'லிமிடெட்' என்று மதிப்பு தருவார்கள். கடை போய் இடம் காலியாகக் கிடந்தால் புள்ளியை அழிக்காமல், குறிச்சொல்லுக்கு முன்னால் 'டிஸ்யூஸ்ட்' (பயன்பாட்டில் இல்லை) என்று சேர்ப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: நல்ல கூட்டம் இருந்த வீகன் உணவகங்கள்கூட மூடுகின்றனவே? வீகன் உணவுக்கு ஆதரவு குறைந்துவிட்டதா?

பதில்: ஒரு கடை மூடியதை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. உணவகத் தொழிலில் இறைச்சிக் கடைகளும்தான் மூடுகின்றன. ஆனால் வீகன் சமையலறைக்கென்றே சில கூடுதல் சுமைகள் இருப்பது உண்மை.

தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு. விற்பனை 100 என்றால் உணவுப் பொருளுக்கு 30 அளவில், பொருளும் சம்பளமும் சேர்ந்து 60 முதல் 65க்குள், வாடகை 10க்குள் நிற்க வேண்டும். மின்சாரம், எரிவாயு, பழுது, வரி எல்லாம் போக மிஞ்சுவது மிகக் குறைவு. உணவுச் செயலிகளின் தரகு பல இடங்களில் 15 முதல் 30 சதவீதம் வரை போகிறது. நீங்கள் பார்த்த கூட்டத்தில் பாதி, செயலியில் பதிந்த பொட்டலத்தை எடுத்துப் போக வந்த விநியோக ஊழியர்களாக இருந்திருக்கலாம். அந்த விற்பனையில் கடைக்கு அநேகமாக ஒன்றும் நின்றிருக்காது.

காய்கறி மலிவுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய் மலிவு, கை மலிவல்ல. இறைச்சித் துண்டு ஒன்றை அடுப்பில் போட்டு எடுப்பதற்கும், பயறு ஊற வைத்து அரைத்துப் பிடித்து வேகவைத்துப் பொரிப்பதற்கும் ஆகும் ஆள் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சாஸ், சீஸ், கிரீம் எல்லாவற்றையும் தாங்களே செய்யும் கடையில் பொருள் செலவு இறங்கும், சம்பளச் செலவு ஏறிவிடும். வெளியிலிருந்து வாங்கினால் நேர்மாறு. மெனு நீளமாக இருந்தால் இரண்டும் ஏறும், குப்பையும் ஏறும். வாரத்துக்கு ஐந்து தட்டு மட்டும் போகும் ஓர் உணவுக்காகத் திறந்த வீகன் சீஸ் பொட்டலம் முடிவதற்குள் கெட்டுப்போகும்.

கூட்டமாக வருகிறவர்கள் விஷயமும் இருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து சாப்பிடப் போகும்போது, 'எனக்கு அங்கே வேண்டாம்' என்று சொல்லும் ஒருவர்தான் இடத்தைத் தீர்மானிக்கிறார். வழக்கமான உணவகம் இரண்டு வீகன் உணவைச் சேர்த்துவிட்டால் ஆறு பேரும் அங்கே போய்விடுகிறார்கள். ஆக, வீகன் சாப்பிடுகிறவர்கள் கூடிய காலத்திலேயே வீகன் கடை மூட முடியும்.

பிடித்த கடை நிலைக்க வேண்டும் என்றால் வார நாட்களில் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். பொட்டலம் வேண்டுமென்றால் செயலியை விட்டுவிட்டுக் கடைக்கே தொலைபேசியில் சொல்லி நேரில் வாங்குங்கள். கடைக்கு இதைவிடப் பெரிய உதவி வாடிக்கையாளரால் செய்ய முடியாது.

கேள்வி: இருந்த ஒரே வீகன் கடையும் போய்விட்டது. இனி சாதாரண உணவகத்தில்தான் சாப்பிட வேண்டும். 'வீகன் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்கிறார்கள், தட்டில் வெண்ணெய் மிதக்கிறது.

பதில்: 'வீகன்' என்ற சொல்லைச் சைவம் என்றே பல பரிமாறுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பொருள்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'பால், வெண்ணெய், நெய், கிரீம், சீஸ், முட்டை, தேன் எதுவும் இல்லாமல் வேண்டும். சமையலறையில் கேட்டுச் சொல்ல முடியுமா?' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதில் தெரிந்தவர் சமைக்கிறவர்தான்.

வெண்ணெய் பெரும்பாலும் சமையலின் கடைசி நிமிடத்தில் வருகிறது: ரொட்டியின் மேல் தடவ, காய்கறிக்கு மினுமினுப்புக் கூட்ட, சூப்பைக் கெட்டியாக்க. செய்முறையில் இல்லாததால் சமையல்காரருக்கும் நினைவுக்கு வராது. 'இறக்கும்போது மேலே எதுவும் சேர்ப்பீர்களா' என்று தனியாகக் கேளுங்கள். சூப்புக்கு அடிப்படை நீர் எதில் செய்தது, வூஸ்டர் சாஸ் சேர்ந்திருக்கிறதா (வழக்கமான வகையில் நெத்திலி மீன் உண்டு), பொரிக்கும் எண்ணெய் இறைச்சிக்கும் பொதுவா என்பவையும் கேட்க வேண்டியவை. 'நான்-டெய்ரி' என்று எழுதியிருக்கும் காபி கிரீமரில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருக்கலாம்.

பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை 'ஒவ்வாமை' என்றே சொல்ல வேண்டும். பாத்திரம், கரண்டி, எண்ணெய் வரை மாற்ற வேண்டிய விஷயம் அது. ஒவ்வாமை இல்லாதவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பது, உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: மூடிய கஃபேயில் கொண்டைக்கடலை வேகவைத்த நீரில் முட்டையில்லாத மயோனைஸ் செய்வார்கள். வீட்டில் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் தண்ணீராகவே நின்றுவிட்டது.

பதில்: வீட்டில் வேகவைத்த நீர் என்றால் காரணம் பெரும்பாலும் அந்த நீர்தான். டப்பாவில் வரும் கொண்டைக்கடலையின் நீர் கெட்டியாக இருக்கும், வீட்டு நீர் அப்படி இருக்காது. கடலை மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் வைத்து வேகவையுங்கள். வெந்த பிறகு அந்த நீரிலேயே குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு விட்டு, மறுநாள் வடியுங்கள். வடித்த நீரைத் திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் சுண்டக் காய்ச்சுங்கள். ஆறிய ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு போல வழுக்கி, விரலைப் பிரிக்கும்போது மெல்லிய இழை வர வேண்டும். வெறும் நீர் போல இருந்தால் இன்னும் சுண்ட வேண்டும். முழுக்க ஆறிய பிறகு பயன்படுத்துங்கள்.

அளவு: இந்த நீர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் 1 மேசைக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வாசனை இல்லாத எண்ணெய் 180 மில்லி. குறுகலான உயரமான குவளையில் எண்ணெய் தவிர மற்றவற்றைப் போட்டுக் கை பிளெண்டரால் நுரைக்க அடியுங்கள். முதல் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டும். கலவை வெளுத்துக் கனக்கத் தொடங்கியதும் நூல் போல ஊற்றலாம். மொத்தம் இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

அவசரப்பட்டால் உடையும். கடலை நீரில் உள்ள புரதம் ஒவ்வோர் எண்ணெய்த் துளியையும் சுற்றிப் போர்த்தினால்தான் கலவை பிடிக்கும். எண்ணெய் வேகமாக வந்தால் போர்த்தப்படாத துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துவிடும். உடைந்ததைக் கொட்ட வேண்டாம். வேறு குவளையில் புதிதாக ஒரு மேசைக்கரண்டி கடலை நீரும் அரைத் தேக்கரண்டி கடுகு விழுதும் எடுத்து அடித்துக்கொண்டே, உடைந்த கலவையைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் மீண்டும் கூடிவிடும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிளெண்டரில் வேகமாக அடித்தால் கசக்கும். குளிரில் வைத்தால் இன்னும் கெட்டியாகும். ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: கஃபேயில் சோயா பால் காபி மென்மையாக இருக்கும். வீட்டில் போட்டால் திரிந்துவிடுகிறது. பால் கெட்டதா?

பதில்: கெடவில்லை. காபியில் அமிலம் உண்டு. சூடும் அமிலமும் சேரும்போது சோயாப் புரதம் திரள்கிறது. கஃபேக்களில் பயன்படுத்தும் 'பாரிஸ்டா' வகையில் அமிலத்தைத் தணிக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், பொட்டலத்தில் அமிலச் சீராக்கி அல்லது பாஸ்பேட் என்று இருக்கும். சாதாரண வகைதான் இருக்கிறது என்றால் பாலை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கோப்பையில் ஊற்றி, இறக்கி ஒரு நிமிடம் ஆறிய காபியை அதில் மெதுவாகச் சேர்த்துக் கலக்குங்கள். குளிர்ந்த பாலைக் கொதிக்கும் காபியில் கொட்டுவதுதான் அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு. கருக வறுத்த கொட்டையில் அமிலம் குறைவு, அதிலும் திரிவது குறையும்.

கேள்வி: மூடிய கடையின் பரிசுக் கூப்பன் கையில் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிளை மட்டும் மூடி நிறுவனம் இருந்தால் மற்றக் கிளையில் செல்லுபடியாகுமா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனமே போய்விட்டால், அட்டையில் பணம் கட்டியவர்கள் வங்கியிடம் உடனே முறையிடலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். ரொக்கம் கொடுத்தவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. நிறுவனம் கலைக்கப்படும்போது, அது பணம் தர வேண்டியவர்களின் வரிசையில் கூப்பன்காரர்கள் கடைசிப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

கேள்வி: சின்ன வீகன் கஃபே நடத்துகிறேன். அடுத்த மாதம் மூடுகிறேன். வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்துவிட்டுப் போகலாம்?

பதில்: கடைசி நாளைத் தேதியோடு இரண்டு வாரம் முன்னதாகவே கதவிலும் இணையத்திலும் சொல்லுங்கள். விற்ற கூப்பன்களை அதற்குள் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மூடிய அன்றே வரைபடப் பதிவை நீங்களே 'நிரந்தரமாக மூடியது' என்று மாற்றுங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கும்போது இது ஒரு நிமிட வேலை. செயலிகளிலும் கணக்கை முறையாக மூடுங்கள். உங்கள் சமையல்காரர் எங்கே வேலைக்குப் போகிறார் என்பதை, அவர் சம்மதித்தால், கதவில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் தேடுவது பெரும்பாலும் அந்தக் கையைத்தான்.