ரூட் கெனாலுக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்லிக் கழுவி அனுப்புகிறார்களே, காசு பார்க்கவா?

கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் "உள்ளே கழுவி மருந்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வாங்க" என்றே டாக்டர் அனுப்புகிறார், ஏமாற்றுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள். சரியாகக் கழுவாமல் அடைத்த பல்லோடு அவதிப்பட்டவன் சொல்கிறேன்.

எனக்குத் திருப்பூர், பிளீச்சிங் பட்டறையில் ரொம்ப வருஷம் வேலை. முதலில் ஓர் இடத்தில் ஒரே நாளில் எல்லாம் முடித்து கேப்பும் மாட்டிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஈறில் கொப்புளம் கிளம்பி சீழ் வந்தது. ஒரே நாளில் முடிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பல்லைப் பொறுத்து அப்படியும் நன்றாகச் செய்கிறார்கள். பல் டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம், எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பழைய அடைப்பை நோண்டி எடுத்து, அந்தப் பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பச்சை ரப்பர் ஷீட் மாட்டினார். சிரிஞ்சில் மருந்தை விட்டதுமே வாசனை பிடிபட்டுவிட்டது, பட்டறையில் துணி வெளுக்கிற அதே பிளீச். ஷீட்டைக் கழற்றினதும், "ஏனுங் டாக்டர், இது ஹைப்போ தானுங்களே?" என்றேன். "அதேதானுங்ணா, சோடியம் ஹைப்போகுளோரைட்" என்றார். என் நீலச் சட்டையில் தெறித்த ஒரு சொட்டு, வீடு வந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளி.

வேருக்குள் இருக்கும் குழாய், ஆணிவேரிலிருந்து சல்லிவேர் பிரிகிற மாதிரி பக்கவாட்டில் கிளை விட்டிருக்குமாம். ஃபைல் என்கிற அந்த ஊசிக் கம்பி எவ்வளவு ராவினாலும் சுவரில் நிறைய இடத்தைத் தொடவே தொடாது. அங்கே ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்வதும், செத்த சதையைக் கரைப்பதும் ஹைப்போதான். ராவின தூள் சுவரில் அப்பிக்கொள்ளும். அதைக் கரைத்து எடுக்க ஈடிடிஏ என்கிற 17 சதவீதக் கரைசல். சிலர் குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிக்கொல்லி மருந்தும் விடுவார்கள். ஆனால் அது ஹைப்போவோடு நேராகச் சேர்ந்தால் செம்பழுப்பாகத் திரிந்து குழாயை அடைக்கும், அதனால் நடுவில் வேறு நீர் விட்டு அலசவேண்டும். அடுத்த தடவை வரைக்கும் உள்ளே வைத்து அனுப்புவது பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு.

பிளீச்சையா வாயில் ஊற்றுவது என்று பதறுகிறவர்களுக்கு: முதல் உலகப் போரில் சிப்பாய்களின் காயத்தைக் கழுவ டேக்கின் என்கிற ஆங்கிலேய வேதியியலாளர் கொண்டுவந்ததும் ஹைப்போ கரைசல்தான், சுமார் 0.5 சதவீதம். பல்லுக்கு அதிலிருந்து 5, 6 சதவீதம் வரை போகிறார்கள். வேர் நுனியைத் தாண்டி வெளியே போனால் முகமே வீங்கிவிடும், அது நிஜமான ஆபத்து. அதற்காகத்தான் அந்தம்மா நுனி மூடி, பக்கத்தில் ஓட்டை விட்ட ஊசியை வைத்துக்கொண்டு, எங்கேயும் இறுக்காமல் மேலும் கீழும் ஆட்டி மெதுவாக விட்டார்.

இத்தனைக்கும் அரை நாள் லீவு கேட்டால் முழு ஷிப்ட் சம்பளத்தையும் பிடித்தார்கள் எங்கள் கம்பெனியில். ஒன்றரை ஷிப்ட் நின்று பார்க்கும்போது மட்டும் "நம்ம ஆளு" என்பார்கள். பல்வலிக்கு லீவா என்று சூப்பர்வைசர் கேட்டது இன்னும் ஆறவில்லை.

உங்கள் டாக்டர் ரப்பர் ஷீட் போடுகிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் தைரியமாகக் கேளுங்கள். நடுவில் தற்காலிகமாக வைத்த சிமெண்ட் விழுந்துவிட்டால் அடுத்த வாரம் வரை பொறுக்காமல் உடனே போய்விடுங்கள், எச்சில் உள்ளே இறங்கினால் கழுவினதெல்லாம் வீண்.